டெக்பேக் முதல் ஓ.இ. மில் வரை: டீ-ஷர்ட்டில் துணிக் கழிவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டுக்காக 100 கிலோ துணி வாங்கினால், அதில் 15 முதல் 20 கிலோ உடுப்பாகாமலே கட்டிங் டேபிளை விட்டு வெளியேறுகிறது. அந்த ஒவ்வொரு கிலோவும் பருத்தியாக விளைந்து, நூலாகி, நிட்டிங் (பின்னல்) முடிந்து, சாயம் ஏறி, காம்பேக்டிங்கும் (துணியின் சுருக்கத்தை முன்கூட்டியே எடுக்கும் வேலை) ஆகி, முழு விலைக்கு வாங்கப்பட்டது. வேஸ்ட்டாகப் போகும்போது அதன் விலையில் சிறு பங்குகூடத் திரும்பி வராது.

வேஸ்ட் அதிகமானால் கட்டிங் மாஸ்டரைக் கேட்பதுதான் பழக்கம். உண்மையில் அவர் கையில் இருப்பது கடைசி மூன்று நான்கு சதவீதம்தான். துணியின் அகலம், கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டையின் நூல் கலவை, பிரிண்ட் வகை, சைஸ் விகிதம் எல்லாம் டெக்பேக் என்ற உடுப்பு விவரத்தாளில் எழுதி முடித்தபோதே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. மிஞ்சும் துணி மறுபடி நூலாகுமா, துடைக்கும் துணியாகப் போகுமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் டெக்பேக்கிலிருந்தே தொடங்குகிறது.

கணக்கு போட ஒரே மாதிரியை எடுத்துக்கொள்வோம்: ஆண்கள் எம் சைஸ், நீளம் 72 செ.மீ., மார்பு அரைச்சுற்று 52 செ.மீ., ஸ்லீவ் 20 செ.மீ., 30ஸ் நூல் (எண் கூடினால் நூல் மெல்லியது), 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி (டீ-ஷர்ட்டின் வழக்கமான பின்னல்), 1,000 பீஸ். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் போடும் வழக்கமான கணக்கு இது: (72 + 20 + 10) × (52 + 3) × 2 × 160 ÷ 10,000. விடை சுமார் 180 கிராம். இதில் 10-உம் 3-உம் தையலுக்கும் மடிப்புக்கும் விடும் இடம். 1,000 பீஸுக்கு 180 கிலோ துணி. இதில் ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினால் 1.8 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 10 டீ-ஷர்ட்டுக்கான துணி.

படி 1: உடுப்பில் என்னென்ன இருக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாடி துணி 100 சதவீதம் பருத்தி என்று எழுதிவிட்டு, கழுத்து ரிப்பை 95/5 காட்டன் லைக்ராவில் (5 சதவீதம் இழுபடும் செயற்கை இழை) போடுவது பரவலான பழக்கம். ரிப் எடையில் சிறியது, ஆனால் செய்யும் சேதம் பெரியது. துணியைக் கிழித்து இழையாக்கும் மெஷினில் உராய்வால் சூடு ஏறும்போது லைக்ரா இளகிப் பிசுபிசுப்பாகி, டிரம்மின் ஊசிகளில் சுற்றிக்கொள்ளும். இழையோடு கலந்தால் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வேஸ்ட் வாங்குபவர் லைக்ரா கலந்த சாக்கைப் பார்த்ததும் விலையைக் குறைக்கிறார்.

லைக்ரா இல்லாமல் ரிப் போட்டால் கழுத்து தொங்கிவிடுமே என்ற பயம் நியாயமானது. லைக்ரா ரிப்பின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு நூலை மட்டும் மாற்றினால் நிச்சயம் தொங்கும். அளவுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். 1×1 ரிப்பை லூப் லெங்த் (ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்) குறைத்து இறுக்கமாகப் பின்னச் சொல்லுங்கள். ரிப்பின் அகலத்தை 3 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ரிப்பின் நீளம் கழுத்துச் சுற்றளவில் 85 முதல் 90 சதவீதம் இருக்கட்டும். லைக்ராவுக்கு வைப்பது போல அதைவிடக் குட்டையாக வைத்து இழுத்துத் தைத்தால், காட்டன் ரிப் ஐந்தாறு துவைப்பில் அலை அலையாக நெளிந்துவிடும். தலை நுழைகிறதா என்பதைச் சாம்பிள் பீஸிலேயே பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகள் சைஸில்.

தோள்பட்டையில் வைக்கும் ஒளி ஊடுருவும் மொபிலான் டேப்பும் லைக்ராவைப் போன்ற பாலியூரித்தேன்தான். அதற்குப் பதில் அதே துணியில் வெட்டிய பட்டையோ காட்டன் டேப்போ வைத்தால் தோள் இழுபடாது, கலப்படமும் இல்லை.

தையல் நூலில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஒரு டீ-ஷர்ட்டுக்கு 120 மீட்டர் நூல் என்று வைத்தால், டெக்ஸ் 27 (1,000 மீட்டருக்கு 27 கிராம்) பாலியஸ்டர் நூல் 3.2 கிராம், உடுப்பின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். இதைக் கிழிப்பு மெஷின் தாங்கிக்கொள்ளும். முழுப் பருத்தி என்று சொல்லிக்கொள்வதற்காகக் காட்டன் நூல் போட்டு, சைடு சீம் விட்டுப்போய் ஆறு மாதத்தில் உடுப்பு குப்பைக்குப் போனால் நஷ்டம்தான் மிச்சம். உடுப்பைத் தைத்த பிறகு சாயம் போடுவதாக இருந்தால் மட்டும் காட்டன் நூல் அவசியம், ஏனென்றால் பருத்திச் சாயம் பாலியஸ்டரில் ஏறாது.

பிரிண்ட்டில் பிளாஸ்டிசாலைத் தவிர்க்கப் பாருங்கள். அது பிவிசி பிளாஸ்டிக் மை. நெஞ்சு முழுக்கப் பரப்பினால் அந்தப் பகுதியையே வெட்டி எறிந்த பிறகுதான் மீதியைக் கிழிக்க முடியும். நீர் சார்ந்த பிக்மென்ட் அல்லது டிஸ்சார்ஜ் பிரிண்ட் (துணியின் சாயத்தை நீக்கி அச்சிடுவது) துணியோடு துணியாக இருக்கும். பையர் (ஆர்டர் கொடுப்பவர்) பிளாஸ்டிசால்தான் வேண்டும் என்றால் பிரிண்ட்டைச் சிறிதாக்கி ஓரிடத்தில் வையுங்கள், ஒரே வெட்டில் பிரித்தெடுக்கலாம்.

லேபிளைப் பற்றி ஒரே குறிப்பு: கழுத்தில் உறுத்தும் லேபிளை உடுப்பவர் வெட்டி எறிவார், அதோடு நூல் கலவை பற்றிய தகவலும் போய்விடும். கலவையைச் சைடு சீம் லேபிளில், துவைத்தாலும் அழியாத மையில் அச்சிடுங்கள்.

படி 2: துணி பல துவைப்பைத் தாங்குமா என்று பாருங்கள்

இரண்டு வருடம் உடுத்த வேண்டிய டீ-ஷர்ட்டை ஆறு மாதத்தில் ஒதுக்கிவைக்கக் காரணம் பெரும்பாலும் மூன்று: சுருக்கம், முறுக்கம், முடிச்சு முடிச்சாகப் புடைப்பது.

சோதனை எளிது. துணியில் 50 × 50 செ.மீ. சதுரம் அழியாத பேனாவால் வரையுங்கள். மூன்று முறை துவைத்து, உலர்த்தி, விரித்துவைத்து அளந்து பாருங்கள். 47.5 செ.மீ. வந்தால் சுருக்கம் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் அந்த லாட்டைக் கட்டிங்குக்கு விடாமல் காம்பேக்டிங்குக்குத் திருப்பி அனுப்புங்கள். முறுக்கத்துக்கு, தைத்த சாம்பிளைத் துவைத்து, பாட்டம் ஹெம்மில் (கீழ் மடிப்பில்) சைடு சீம் எத்தனை செ.மீ. நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். சிங்கிள் ஜெர்சியில் இந்த முறுக்கம் வருவது பெரும்பாலும் நூலில் ஏற்றிய முறுக்கு தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பார்ப்பதால்தான். முறுக்கு குறைந்த ஓசியரி (பின்னல்) நூல் கேட்பதும், லூப் லெங்த்தை இறுக்குவதும் இதைக் குறைக்கும்.

காம்பேக்டிங் முடிந்து வந்த துணியை ரோலிலிருந்து இறக்கி, குறைந்தது 12 மணி நேரம் மடிப்பாகத் தளர்வாகப் போட்டுவையுங்கள். லைக்ரா துணியானால் 24 மணி நேரம். அவசரத்தில் இதைத் தவிர்த்தால், டேபிளில் சரியாக இருந்த பேனல் தையலுக்குப் போகும்போது ஒரு செ.மீ. குறைந்திருக்கும், பீஸ் ரிஜெக்ட் ஆகும்.

படி 3: அகலத்தை நிட்டிங்குக்கு முன்பே பூட்டுங்கள்

கழியும் துணியை மீட்க நல்ல வாய்ப்பு இங்கேதான். எம் சைஸ் பேனலின் அகலம் 52 + தையலுக்கு 2 = 54 செ.மீ. ஒரு வரிசையில் மூன்று பேனல் என்றால் 162. எஸ் (51), எம் (54), எல் (57) ஒன்றாக வைத்தாலும் அதே 162தான், சைஸ் விகிதத்தில் இது பெரிய வசதி. ஸ்டென்டரில் (துணியை விரித்துப் பிடித்து உலர்த்தும் மெஷின்) ஊசி குத்தும் ஓரத்துக்கு இரு பக்கமும் 1.5 செ.மீ. விட்டால் தேவை 165 செ.மீ. வந்து இறங்கிய துணி 172 செ.மீ. என்று வையுங்கள். 7 செ.மீ. நீளவாக்கில் முழு ரோலுக்கும் வீண். நூற்றுக்கு 4. மார்க்கர் (வெட்டும் துண்டுகளைத் துணிமேல் அடுக்கிக் காட்டும் வரைபடம்) போடுபவர் ஸ்லீவைத் திருப்பித் திருப்பி வைத்து என்ன சாகசம் செய்தாலும் இதில் பாதியை மீட்பதே கஷ்டம்.

அகலத்தைத் தீர்மானிப்பது நிட்டிங் மெஷின். 30 இஞ்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) மெஷினில் சுமார் 2,262 ஊசிகள் (π × 30 × 24). செ.மீ.க்கு எத்தனை வேல் (நீளவாக்கில் ஓடும் கண்ணி வரிசை) வருகிறதோ அதனால் வகுத்தால் அகலம் வரும்: 13.7 வேல் என்றால் 165 செ.மீ., 13.15 என்றால் 172. நூல், லூப் லெங்த், டயா மூன்றையும் நிட்டருடன் உட்கார்ந்து பேசி, ஒரு சாம்பிள் ரோல் சாயமும் காம்பேக்டிங்கும் முடித்து அளந்த பிறகே மொத்தத்தையும் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டென்டரில் இழுத்து அகலத்தைக் கூட்டலாம் என்பது ஏமாற்று வழி. இழுத்த அகலம் முதல் துவைப்பிலேயே திரும்பிப் போய்விடும்.

சொந்த பிராண்டுக்கு வடிவமைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 172 செ.மீ. துணிதான் கிடைக்கிறது என்றால் உபயோகத்துக்கு 169 இருக்கிறது. மார்பை 52-லிருந்து 54 ஆக்கினால் பேனல் 56, மூன்று பேனல் 168. வாங்கும் துணியின் கிலோ குறையாது, ஆனால் சாக்குக்குப் போக வேண்டியது சற்று தளர்வான ஃபிட்டாக உடுப்பவரிடம் போய்ச் சேர்கிறது. அளவை முதலில் எழுதிவிட்டுத் துணி தேடுவதைவிட, கிடைக்கும் அகலத்தைப் பார்த்து அளவை எழுதுவது நல்லது.

படி 4: பேட்டர்னும் மார்க்கரும்

கை இணையும் ஆர்ம்ஹோலின் வளைவுக்கும் ஸ்லீவின் மேடான தலைப்பகுதிக்கும் இடையில் விழும் பிறை வடிவத் துண்டுகள்தான் மார்க்கரில் கழியும் துணியில் பெரும்பங்கு. ஸ்லீவ் தலையின் உயரத்தைக் குறைத்து, தோளைச் சற்று இறக்கினால் இரு வளைவும் தட்டையாகி ஒன்றுக்குள் ஒன்று நன்றாகப் பொருந்தும். டிராப் ஷோல்டருக்கு இப்போதுள்ள மவுசு இந்த வகையில் உதவி. முன்கழுத்தில் வெட்டி விழும் அரைவட்டத்தை வீசாமல், பின்கழுத்தின் உட்புறம் வைக்கும் அரை நிலாவுக்குப் பயன்படுத்தலாம். அதே ரோல், அதே ஷேடு என்பதால் நிற வித்தியாசம் வராது. அரை நிலாவின் அளவை அந்தத் துண்டுக்குள் அடங்கும்படி பேட்டர்ன் மாஸ்டர் முதலிலேயே வரைந்திருந்தால்தான் இது நடக்கும்.

ஒரே சைஸில் மார்க்கர் போடாதீர்கள். 1:2:2:1 என்று எஸ் முதல் எக்ஸ்எல் வரை ஆறு பீஸ் கலந்த மார்க்கரில் சின்ன ஸ்லீவ் பெரிய பேனலின் இடுக்கில் உட்காரும். அதே நிறத்தில் குழந்தைகள் ஆர்டர் இருந்தால் அதன் பேனல்களையும் இதே மார்க்கரில் நுழைத்துவிடுங்கள்.

படி 5: லே போடும்போது

ஒவ்வொரு லேயின் (வெட்டுவதற்காக டேபிளில் அடுக்கி விரிக்கும் துணி) இரு முனையிலும் 2 செ.மீ. விடுகிறோம். 4 மீட்டர் லேயில் இது 1 சதவீதம், 8 மீட்டர் லேயில் 0.5. ஆகவே டேபிள் இடம் கொடுக்கும்வரை நீளமான லே நல்லது. உயரத்தில் பேராசை கூடாது. சிங்கிள் ஜெர்சியை 100 பிளைக்கு (அடுக்குக்கு) மேல் ஏற்றினால் கத்தி சாய்ந்து, மேல் பிளைக்கும் அடிப் பிளைக்கும் அளவு மாறும்.

ரோல் கணக்கைத் தவறாமல் போடுங்கள். 172 செ.மீ. அகலம், 160 ஜிஎஸ்எம் என்றால் ஒரு மீட்டர் 275 கிராம். 22 கிலோ ரோல் 80 மீட்டர். லே 7.6 மீட்டர் என்றால் 10 பிளை போக 4 மீட்டர் மிச்சம், எடையில் 1.1 கிலோ. ரோலுக்கு 5 சதவீதம் என்று இப்படி எண்ட் பிட்டாகக் குவிவதை மூலையில் சாத்திவைப்பார்கள், பிறகு அது எந்த லாட் என்றே தெரியாமல் போகும். மார்க்கரில் பீஸைக் கூட்டிக் குறைத்து லேயை 7.9 மீட்டருக்குக் கொண்டுவந்தால் மிச்சம் ஒரு மீட்டர்தான். அதற்கும் ஒரு பீஸ் மார்க்கர் தயாராக இருக்கட்டும்.

ஓட்டையும் கறையும் உள்ள பேனலை மாற்ற, புது ரோலை உடைக்காதீர்கள். அந்தந்த ரோலின் எண்ட் பிட்டை ரோல் நம்பர் எழுதிக் கட்டி, கடைசி செக்கிங் முடியும்வரை வைத்திருங்கள்.

படி 6: வெட்டிய இடத்திலேயே பிரியுங்கள்

கலந்த வேஸ்ட்டைப் பிறகு பிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. வெள்ளை லைக்ரா ரிப்பும் வெள்ளை காட்டன் ரிப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். டேபிளின் அருகில் தனித்தனிச் சாக்கு தொங்கட்டும்: வெள்ளை, ஒவ்வொரு அடர் நிறத்துக்கும் ஒன்று, வெளிர் நிறங்களுக்கு ஒன்று, லைக்ரா கலந்ததற்கு ஒன்று, பாலியஸ்டர் கலந்ததற்கு ஒன்று. ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள பிட்டுகளுக்கும் தனிச் சாக்கு வேண்டும். இந்தப் பிட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கி, ஜட்டியும் குழந்தைச் சட்டையும் தைப்பவர்கள் ஊரிலேயே உண்டு. துணியாகவே பயன்படக்கூடியதை இழையாகக் கிழிப்பது வீண்.

சந்தேகம் வந்தால் துண்டின் ஓரத்தை உருவிப் பாருங்கள். மெல்லிய கண்ணாடி நிற இழை வெளியே வந்து, இழுத்து விட்டதும் சுருண்டுகொண்டால் அது லைக்ரா. ஓர் இழையை டேபிளிலிருந்து தள்ளிப்போய்க் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

சாக்கில் சேரக் கூடாதவை: பண்டல் ஸ்டிக்கர், லே பேப்பர், பாலிதீன், எண்ணெய்த் துணி, தரை பெருக்கிய தூசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குண்டூசியும் உடைந்த ஊசியும். கிழிப்பு மெஷினில் இரும்புத் துண்டு ஒன்று போனாலே பொறி பறக்கும், பஞ்சுத் தூசு நிறைந்த அந்த இடத்தில் அது தீயாகும். வேலை செய்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது, இதில் சமாதானமே கூடாது. சாக்கின் வாயைக் கட்டும்போது கலவை, நிறம், லாட் நம்பர், எடை, தேதி ஐந்தையும் எழுதிய அட்டையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

படி 7: நிறத்தை முடிவு செய்யும்போது உப்பையும் எண்ணுங்கள்

ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். கருப்பு, நேவி போன்றவை 70 கிராம்வரை கேட்கும். 100 கிலோ துணிக்கு 600 லிட்டர் தண்ணீர் என்றால் 42 கிலோ உப்பு. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு கொங்கு மண்ணில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சாயக்கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்றானது. தண்ணீரையும் உப்பின் பெரும்பகுதியையும் மீட்கிறார்கள், ஆனால் அதற்கு மின்சாரமும் விறகும் செலவாகின்றன, மீட்க முடியாத கலப்பு உப்பு குவிந்துகொண்டே போகிறது. அடர் நிறம் ஒன்றைக் குறைத்து வெளிர் நிறம் ஒன்றைச் சேர்ப்பது வடிவமைப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய காரியம்.

சாயம் ஏறிய வேஸ்ட்டின் அருமையும் இதில்தான். நிறம் நிறமாகப் பிரித்த துணியிலிருந்து வரும் இழைக்கு மறுபடி சாயம் தேவையில்லை. நீலமும் வெள்ளையும் கலந்தால் வெளிர் நீல மெலாஞ்ச் (நிறம் கலந்த நூல்) கிடைக்கும், உப்பும் சாயத் தண்ணீரும் இல்லாமல்.

படி 8: மீண்டு வரும் நூலுக்கு ஏற்ற இரண்டாவது பொருள்

ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்லுக்குப் போகும் முன், துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊசி பதித்த டிரம்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிக்கிறார்கள். இந்தக் கிழிப்பில் இழையின் நீளம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். ரிங் ஸ்பின்னிங்கில் குட்டை இழை நிற்காது, அதனால்தான் ரோட்டரில் சுற்றும் ஓ.இ. நூல். அதுவும் தடிமனாகத்தான் வரும், 10ஸ் முதல் 20ஸ் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30ஸ் நூலில் பின்னிய மெல்லிய டீ-ஷர்ட்டின் வேஸ்ட்டிலிருந்து அதே டீ-ஷர்ட்டை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பொருளை நூலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட ஸ்வெட்ஷர்ட், கேன்வாஸ் பை, சாக்ஸ், கிச்சன் துண்டு ஆகியவை பொருத்தமானவை. உடலில் படும் டீ-ஷர்ட்தான் வேண்டும் என்றால் மறுசுழற்சி இழை 20, 30 சதவீதத்தில் தொடங்கி, மீதிக்குப் புதுப் பருத்தி கலக்கச் சொல்லுங்கள். பாலியஸ்டர் கலந்தால் வலு கூடும், ஆனால் அடுத்த சுற்றில் அந்தத் துணி கலப்புத் துணிதான். துணி வந்ததும் பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த்தும் (கிழியாமல் தாங்கும் வலு) பில்லிங்கும் (முடிச்சுப் புடைப்பு) சோதித்த பிறகே லே போடுங்கள். ஆங்காங்கே தெரியும் வேற்று நிறப் புள்ளிகள் இந்த நூலின் இயல்பு. அதைப் பையரிடம் முன்கூட்டியே சாம்பிளோடு காட்டி ஒப்புதல் வாங்கவில்லை என்றால், முழு லாட்டும் ஷேடு குறை என்று திரும்பும்.

படி 9: எடைக் கணக்கு

வந்த துணியின் கிலோவும் வெளியேறியவற்றின் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். நம் 180 கிலோ மாதிரியில் ஒரு கணக்கு: நல்ல பேனல் 148, கட்டிங் வேஸ்ட் 24, எண்ட் பிட் 5, குறைப் பேனல் 2. கூட்டினால் 179. மீதி ஒரு கிலோ தூசும் ஈரப்பத மாற்றமும். பயன்பாடு 82 சதவீதம். வேஸ்ட் 24 கிலோவை மார்க்கர் இடைவெளி, ஓரம், லே முனை என்று பிரித்தெழுதினால் அடுத்த ஆர்டரில் எதைத் தொட வேண்டும் என்பது தெரியும். கணக்கில் ஐந்தாறு கிலோ இடித்தால் வெட்டியதைப் பார்ப்பதற்கு முன் ஜிஎஸ்எம்மைப் பாருங்கள். 160 சொல்லி 168-இல் துணி வந்திருந்தால் அதே கிலோவில் 5 சதவீதம் மீட்டர் குறைந்திருக்கும்.

இப்படி எழுதிவைக்கும் கணக்குத் தாளுக்கு ஏற்றுமதியில் தேவை கூடிக்கொண்டே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழலுக்கு உகந்த வடிவமைப்புச் சட்டத்தின்படி, 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடைகளை அழிக்கக் கூடாது. ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கும் அதே சட்டம் வழிசெய்கிறது. பையர் கலவை விவரம் கேட்கும்போது ரிப், டேப், நூல், லேபிள், பிரிண்ட் ஒவ்வொன்றின் கிராமும் தேவைப்படும். சாம்பிள் ஒப்புதல் கிடைத்த அன்றே ஒரு பீஸைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் எடைபோட்டு டெக்பேக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.